பெயர் போட்டு எழுதியவர்கள்

என்னோடு ஒரே பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்த தமிழ் டீச்சர் போன தை மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்து முடிக்கும்வரை பேத்தியின் படிப்பு, முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போதுதான் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "டீச்சர், இதைப் படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருநூறு காப்பி அச்சுப் போடலாம்னு இருக்கேன். முன்னுரை நீங்கதான் எழுதணும்" என்றார்.

அவருக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அப்போது பள்ளியில் "டீச்சருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பி, ஒரு பாட்டில் ஹார்லிக்ஸோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்தான். உண்மை தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகும் அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்து பேசியது கிடையாது.

நோட்டை இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். தமிழ் டீச்சர் அல்லவா, எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் இரண்டு தாள்களை மட்டும் ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வைத்திருந்தார். அவற்றை நான் பிரிக்கவில்லை.

சிக்கல் அவர் வீட்டில். மகனுக்கு இது அச்சாவதில் இஷ்டமில்லை. போட்டே தீரவேண்டும் என்றால் புனைபெயரில் போடுங்கள் என்கிறார். வீட்டில் பெண் வளர்ந்து நிற்கிறாள், நாளைக்கு வரன் பார்க்கும்போது இந்தப் புத்தகம்தான் முன்னால் வந்து நிற்கும் என்பது அவர் கவலை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. நம் ஊரில் வரன் பார்ப்பவர்கள் எதையெல்லாம் விசாரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா?

முன்னுரை எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு என்ன தெரியும்? இதற்கு முன் யார் எழுதினார்கள், எழுதியதால் என்ன ஆயிற்று என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்து, இந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட பெண் ஒருத்தி தன் கையால் எழுதிய பழைய விவரங்களில் முக்கியமானது ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை எழுதிய கடிதம். 1752ல் பிறந்தவர். அவருடைய முதல் நாவல் 1778ல் வந்தபோது அதில் ஆசிரியர் பெயரே இல்லை. பெற்ற தகப்பனாருக்குக்கூடத் தெரியாமல் வெளியிட்டார். நல்ல குடும்பத்துப் பெண் பெயர் போட்டு நாவல் எழுதுவதா என்று யோசித்த காலம் அது. பிறகு ஒரு பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸில் இருந்தார். அங்கேதான் 1810ல் மார்பில் வலி ஆரம்பித்தது. கணவரும் நெருங்கிய தோழியும் டாக்டரிடம் காட்டச் சொல்லி எவ்வளவோ கேட்டும் மாதக்கணக்கில் மறுத்துவிட்டார். ஒன்றுமிருக்காது என்ற நினைப்பு ஒரு பக்கம், அந்நிய ஆணிடம் காட்டுவதா என்ற கூச்சம் ஒரு பக்கம்.

கடைசியில் நெப்போலியனின் படையில் பெயர்பெற்ற ராணுவ சர்ஜன் லாரே வந்து பார்த்தார். 1811 செப்டம்பர் 30ஆம் தேதி வீட்டிலேயே ஆபரேஷன். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தகவல் வந்தது. கணவர் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதபடி அந்த அம்மாளே ஏற்பாடு செய்துகொண்டார். கறுப்பு உடை போட்ட ஏழு ஆண்கள் திடுதிப்பென்று அறைக்குள் நுழைந்தார்கள். பழைய மெத்தையும் பழைய விரிப்பும் கேட்டார்கள். ஈதர் கொடுத்து மயக்கி ஆபரேஷன் செய்வது 1846க்குப் பிறகு வந்த சங்கதி. இவருக்குக் கிடைத்தது மது கலந்த ஒரு பானம் மட்டும்தான். முகத்தின்மேல் ஒரு கைக்குட்டையைப் போர்த்தினார்கள். அது மெல்லிய துணி. கத்தி பளபளப்பது அதன் வழியாகத் தெரிந்தது. மார்பை யார் பிடித்துக்கொள்வது என்று சர்ஜன் கேட்டபோது, நானே பிடித்துக்கொள்கிறேன் என்று இவர் சொன்னார். ஏறக்குறைய இருபது நிமிஷம். இரண்டு தடவை நினைவு தப்பியது. முடிந்து தூக்கிப் படுக்கவைக்கும்போது கண் திறந்து பார்த்தால், சர்ஜனின் முகம் தன் முகத்தைப்போலவே வெளிறி, ரத்தத் தீற்றலோடு இருந்ததாம்.

இதையெல்லாம் அவர் எழுதியது இங்கிலாந்தில் இருந்த தன் அக்கா எஸ்தருக்கு. ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்துத்தான் பேனாவைத் தொட முடிந்தது. அந்த ஒரு கடிதத்தை எழுதி முடிக்க மூன்று மாதம் பிடித்தது. எழுதியதைத் திரும்பப் படிக்கும் தைரியம் தனக்கு இல்லை என்றும் அதிலேயே சொல்கிறார்.

கத்தி, ரத்தம் எல்லாம் படிக்கும்போது உடம்பு நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது வேறு இடம். டாக்டரிடம் போகாமல் கடத்திய அந்த மாதங்களை அவர் மறைக்கவில்லை. என் அசட்டுத் தைரியத்தை எழுதுவதே உனக்கும் நம் சகோதரிகளுக்கும் அவர்கள் பெண்களுக்கும் ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் என்று அக்காவுக்குச் சொல்கிறார். தன் வீரத்தைச் சொல்ல எத்தனையோ இடம் இருந்த கடிதத்தில், தன் தப்பைச் சொல்லும் வரியை ஏன் எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

அதன்பின் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து 1840ல், எண்பத்தேழு வயதில் காலமானார். அவ்வளவு காலம் இருந்ததால் அது புற்றுநோய்தானா என்று இன்றைக்குச் சில டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். அது எப்படியோ போகட்டும். அந்தக் கடிதம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது. முழுக் கடிதமும் அச்சில் வந்தது 1970களில். எச்சரிக்கை உரியவர்கள் கைக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் ஹால்ஸ்டட் என்ற பெரிய சர்ஜன் 1882 முதல் ஒரு புது முறையைச் செய்துவந்தார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுவது. நோய் ஓரிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லச் சுற்றிலும் பரவுகிறது, எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. அவர் காலத்தில் அது முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த எழுபது, எண்பது வருஷம் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்கள். கட்டி சின்னதா பெரியதா என்று பார்க்கவில்லை. நெஞ்செலும்பு தெரிய, கை வீங்கி, தோள் மடங்கிப்போய் வாழ்ந்தவர்கள் கணக்கில்லாத பேர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டியோடு போகும் பெண் முன்கூட்டியே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, கட்டியில் கொஞ்சம் எடுத்து, அவள் மேஜையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உறையவைத்துப் பரிசோதிப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் உடனே, அதே மயக்கத்தில், மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். தூங்கப் போகும்போது என்ன நோய் என்று அவளுக்குத் தெரியாது. விழித்ததும் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதை யாரிடம் கேட்பது? பேசவே கூடாத விஷயமாக இருந்தது. சித்தார்த்த முகர்ஜி புற்றுநோயின் வரலாற்றை எழுதிய பெரிய புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு பெண், இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசுவதற்கு அங்குள்ள பெரிய பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கக் கேட்டார். 'மார்பகம்' என்ற சொல்லையும் 'புற்றுநோய்' என்ற சொல்லையும் எங்களால் அச்சிட முடியாது, நெஞ்சுப் பகுதி நோய்கள் என்று போடலாமா என்று கேட்டார்களாம். நம் பள்ளியில் கர்ப்பப்பை என்று சொன்னதும் இதே மாதிரிதானே.

1952ல் ஆபரேஷன் செய்துகொண்ட டெரீஸ் லாஸர் என்ற அம்மாள், தான் அனுபவித்த தனிமை மற்றவர்களுக்கு வேண்டாம் என்று ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய், புதிதாக ஆபரேஷன் ஆனவர்களிடம் பேச ஆரம்பித்தார். கையை எப்படித் தூக்கிப் பழகுவது, சட்டைக்குள் எதை வைத்துத் தைத்துக்கொள்வது என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதிலேயே பல சர்ஜன்களுக்குக் கோபம். 1972ல் ஷெர்லி டெம்பிள் வெளிப்படையாகச் சொன்னார். ஆமாம், நம் தலைமுறைக்குச் சுருட்டை முடிக் குழந்தை நட்சத்திரமாகத் தெரிந்த அதே ஷெர்லி டெம்பிள்தான். வீட்டிலேயே பயந்து உட்கார்ந்திருக்காதீர்கள் என்று பத்திரிகையில் தன் பெயரில் எழுதினார். 1974 செப்டம்பரில் ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ஆபரேஷன். நிக்ஸன் ராஜினாமா செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மறைத்துப் பழகிப்போன அந்த வெள்ளை மாளிகையிலிருந்து செய்தி மறைக்கப்படாமல் வந்தது. பெண்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். துணை ஜனாதிபதிப் பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவியும் அதைக் கேள்விப்பட்டுத் தன்னைச் சோதித்துப் பார்த்து, சில வாரத்திலேயே அவருக்கும் ஆபரேஷன் ஆனது.

ஆனால் பெட்டி ஃபோர்டின் ஆபரேஷனும் அந்தப் பழைய முறைப்படிதான் நடந்தது. பரிசோதனையும் வெட்டும் ஒரே மயக்கத்தில். அதைத் தடுக்க முதல் நாள் ராத்திரி வெள்ளை மாளிகைக்கு ஃபோன் போட்ட ஒரு பெண் உண்டு. அவர்தான் ரோஸ் குஷ்னர். எப்படியோ ஜனாதிபதியின் உரைகளை எழுதும் ஒருவர்வரை போய்விட்டார். ஜனாதிபதி முடிவு செய்துவிட்டார் என்று பதில் வந்தது. வெட்டப்போவது யார் உடம்பு, முடிவு செய்தது யார் என்று பாருங்கள்.

ரோஸ் குஷ்னர் 1929ல் பால்டிமோரில் பிறந்தவர். ஹால்ஸ்டட் புகழ்பெற்றது அதே ஊரில்தான். பத்திரிகைக்காரி, வியட்நாம் போரைப் பற்றி எழுதியவர். 1974 ஜூனில் தன் மார்பில் ஒரு சின்னக் கட்டியைக் கண்டார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நூலகத்துக்குப் போய், டாக்டர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் படித்தார். கட்டியை மட்டும் எடுத்துப் பரிசோதியுங்கள், என்னை எழுப்புங்கள், மற்றதைப் பிறகு நான் முடிவு செய்கிறேன் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராகச் சர்ஜன்கள் மறுத்தார்கள். கடைசியில் ஒருவர் சம்மதித்தார். புற்றுநோய் என்று தெரிந்தது. பிறகு பஃபலோ நகரத்தில் ஹால்ஸ்டட் முறையைக் கைவிட்டிருந்த தாமஸ் டாவோ என்ற சர்ஜனைக் கண்டுபிடித்து, நெஞ்சுத் தசையை விட்டுவைத்து ஆபரேஷன் செய்துகொண்டார்.

அடுத்த வருஷமே, 1975ல், புத்தகம் வந்தது. தன் கதையும் ஒரு நிருபரின் விசாரணையும் சேர்ந்தது என்று அட்டையிலேயே தெரியும்படி தலைப்பு வைத்தார். நான் அழுதேன், பயந்தேன் என்று மட்டும் எழுதவில்லை. எந்தப் படிவத்தில் எதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், வேறு என்னென்ன முறைகள் உண்டு என்று ஒவ்வொன்றாக எழுதினார். வீட்டுக்குப் பக்கத்தில் ஆலோசனை மையம் ஒன்றையும் வைத்து, ஃபோனில் வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். புற்றுநோய் சர்ஜன்களின் ஒரு மாநாட்டில் பேச எழுந்தபோது கூச்சல் போட்டு இறக்கிவிட்டார்களாம்.

1979 ஜூனில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் இந்தச் சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல ஒரு குழுவைக் கூட்டியது. அதில் மருத்துவம் படிக்காத ஒரே ஆள் ரோஸ் குஷ்னர். ஹால்ஸ்டட் முறை இனிப் பொதுவான சிகிச்சை அல்ல என்று குழு சொன்னது. பரிசோதனை ஒரு நாள், ஆபரேஷன் வேறொரு நாள், இடையில் அந்தப் பெண்ணுக்கு யோசிக்க அவகாசம் என்பதும் அந்த அறிக்கையில் இடம்பெற்றது. அதைச் சேர்க்கவைத்தது இவர்தான்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் நடந்தது என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன் 1971 முதல் நூற்றுக்கணக்கான பெண்களைப் பிரித்துச் சோதித்து, அகலமாக வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டிக்கொண்டிருந்தார். இத்தாலியில் வெரோனேசியும் அதே வழியில் போனார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் குஷ்னரின் புத்தகம் ஒரு மனக்குறையாகவே நின்றிருக்கும். ஆனால் கணக்கு டாக்டர்களின் சஞ்சிகைகளில் இருந்தது. அதைச் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தது பெயர் போட்டு எழுதிய ஒரு நோயாளி.

வேறு இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி நிருபர் பெட்டி ரோலின் 1976ல் எழுதிய புத்தகம் சிரிப்பும் அழுகையுமாக நிறைய விற்று, டிவிப் படமாகவும் வந்தது. கவிஞர் ஆட்ரி லார்ட் 1980ல் தன் நோய்க்காலக் குறிப்புகளை வெளியிட்டார். அவருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தன்னார்வப் பெண் வந்து, வெளியே தெரியாமலிருக்க உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பொதியைக் கொடுத்தார். லார்ட் அதை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். எல்லோரும் மறைத்துக்கொண்டால், ஒருத்தி இன்னொருத்தியை எப்படி அடையாளம் கண்டுகொள்வாள் என்பது அவர் கேள்வி. எனக்கு இதில் லாஸர் அம்மாள் பக்கமும் நியாயம் தெரிகிறது. பஸ்ஸில் போகும்போது நாலு பேர் உற்றுப் பார்க்காமலிருக்க ஒருத்தி விரும்பினால் அதில் என்ன தப்பு? ஆனால் புத்தகத்துக்குள்ளும் பஞ்சு வைக்கவேண்டுமா என்பதுதான் என் யோசனை.

நம் ஊரிலும் இந்த நோயின் சரித்திரத்தில் ஒரு சகோதரி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் இங்கே கட்டடம் எழும்பிய அளவுக்கு நோயாளிகளின் எழுத்து எழும்பவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு டீச்சர் வீட்டுக்கு நோட்டோடு போனேன். மகனும் இருந்தார். அவரிடம் ஒன்றைத்தான் சொன்னேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படியே இருந்தாலும், முதலில் தெரியவேண்டியது உங்கள் பெண்ணுக்குத்தான். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். கோபமாகவும் இருக்கலாம்.

டீச்சரிடம் அந்தப் பின் அடித்த தாள்களைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நகத்தாலேயே பின்னை நெம்பி எடுத்து என்னிடம் கொடுத்தார்.

கட்டியை அவர் முதலில் பார்த்தது ஓர் ஆடி மாதம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது. சின்ன மகளுக்கு அப்போதுதான் வரன் முடிந்திருந்தது. தை மாதம் கல்யாணம். ஆடியிலிருந்து மாசிவரை, ஏழு மாதம், யாரிடமும் சொல்லவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். கல்யாணத்தன்று கை தூக்கி ஆரத்தி எடுக்க முடியாமல் நாத்தனாரை எடுக்கச் சொன்னார். மாசியில் டாக்டரிடம் போனபோது அக்குள்வரை பரவியிருந்தது. ஆடியிலேயே வந்திருந்தால் இத்தனை கீமோ வேண்டியிருக்காது என்றாராம் அந்த டாக்டர். இவ்வளவும் அந்த இரண்டு தாளில் இருந்தது.

"படிச்ச டீச்சர், இவளுக்கே புத்தி இல்லையான்னு கேக்க மாட்டாங்களா?" என்றார்.

"கேப்பாங்க" என்றேன். பிறகு ஃபேனி பர்னியின் கதையைச் சொன்னேன். அக்காவுக்கு எழுதிய கடிதம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த அம்மா எத்தனை மாசம் சொல்லாம இருந்தாங்க?" என்று கேட்டார். இருநூறு வருஷத்துக்கு முந்தி நாவல் எழுதியவரைப் பக்கத்துத் தெருக்காரரைப்போல விசாரித்தார்.

போன வாரம் அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. அட்டையில் இனிஷியலோடு அவர் பெயர் இருக்கிறது. ஊர் பெயர் இல்லை, ஆஸ்பத்திரிப் பெயர் இல்லை. பேத்தியின் பெயர் வரும் இரண்டு இடத்தை மகன் பென்சிலால் அடித்திருக்கிறார். வேறு எதையும் அவர் தொடவில்லை. ஆடி மாதப் பக்கங்களைத் தூக்கி முதல் அத்தியாயமாக வைத்துவிட்டார் டீச்சர். இருநூறில் ஐம்பது காப்பியை ஸ்கேன் எடுக்க உட்கார்ந்திருப்பவர்கள் கையில் கொடுக்கப்போகிறாராம்.

முன்னுரைதான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்.